ரோமில் மாதம் ஐந்து மோடியஸ் கோதுமை: யாருக்குக் கிடைத்தது?

பண்டைய ரோம் நகர மக்கள் அரசு கொடுத்த இலவச ரொட்டியைத் தின்றுவிட்டு, விளையாட்டு பார்த்துச் சோம்பிக் கிடந்தார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்தத் திட்டத்தின் விதிகளைப் படித்தால் அப்படி எழுத மனம் வராது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் ஆரேலியன் மாற்றும் வரை கொடுக்கப்பட்டது ரொட்டி அல்ல, கோதுமை. அரைப்பதும் சுடுவதும் வாங்கியவர் பாடு.

கி.மு. 123-இல் அரசியல்வாதி கையுஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம்தான் தொடக்கம். அப்போது ஒரு மோடியஸுக்கு (ரோமானியரின் தானிய அளவு) 6⅓ ஆஸ் (ரோமானியக் காசு) என்ற நிலையான விலை இருந்தது. கி.மு. 58-இல் குளோடியஸ் என்ற இன்னோர் அரசியல்வாதி அதை முழு இலவசமாக்கினார்.

யாருக்கு உரிமை? ரோம் நகரில் வசிக்கும் குடியுரிமை பெற்ற ஆண்களுக்கு. வருமான வரம்பு கிடையாது. கிராக்கஸின் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த பிசோ என்ற செல்வந்தரே வரிசையில் வந்து நின்றார். என் சொத்தைப் பங்குபோட்டால் என் பங்கை நானும் கேட்பேன் என்பது அவர் வாதம். அடிமைகளுக்கும் வெளிநாட்டவருக்கும் பெண்களுக்கும் உரிமை இல்லை. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு இருந்தது.

பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பெயர்கள் 3,20,000 வரை பெருகிவிட்டதால், ஜூலியஸ் சீசர் கி.மு. 46-இல் தெருத் தெருவாக, அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்கள் மூலம் கணக்கெடுத்து 1,50,000 ஆகக் குறைத்தார். ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்குக் காத்திருப்போரிடையே சீட்டுக் குலுக்கினார்கள். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 2-இல், பெற்றவர்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம்.

அளவுதான் இங்கே முக்கியம். ஒருவருக்கு மாதம் கிடைத்த ஐந்து மோடியஸ் என்பது ஏறத்தாழ 33 கிலோ. கடின வேலை செய்யும் அடிமைக்கே மாதம் நான்கு, நான்கரை மோடியஸ் கொடுக்க வேண்டும் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த கேட்டோ எழுதியிருக்கிறார். ஆக இது ஓர் ஆளின் சாப்பாடு. மனைவியும் பிள்ளைகளும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வாடகை, விறகு, துணி எல்லாவற்றுக்கும் உழைத்தே ஆக வேண்டும். எண்ணெய்கூடப் பின்னாளில், பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில்தான் சேர்ந்தது.

அவர்கள் உழைத்தார்கள் என்பதற்குத் திட்டத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. மாதந்தோறும் வேலையை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறதே என்று, நான்கு மாதக் கோதுமையை ஒரே தடவையில் கொடுக்க அகஸ்டஸ் ஏற்பாடு செய்தார். மக்கள் பழைய முறையையே கேட்டார்கள், அவரும் விட்டுக்கொடுத்தார். காரணம் எழுதப்படவில்லை. ஆனால் மாடியில் ஓர் அறையில் குடியிருக்கும் குடும்பம் 130 கிலோ கோதுமையை எங்கே வைக்கும், எலியிடமிருந்து எப்படிக் காக்கும் என்று யோசித்தால் எனக்கு வியப்பாக இல்லை.

பின்னாளில் விநியோகம் ரோமில் இருந்த மினுசியா என்ற மண்டபத்தில் நடந்தது. இவருக்கு இந்த நாள், இந்த வாசல் என்று ஒதுக்கினார்கள். கூட்டத்தை மாதம் முழுவதும் பிரித்துவிட இதைவிடத் தெளிவான வழி இல்லை. அந்த எண்ணைச் சிலர் கல்வெட்டிலேயே பொறித்துக்கொண்டார்கள். ஜனுவாரியஸ் என்ற விடுதலை பெற்ற அடிமையின் கல்லில் இன்றும் படிக்கலாம்: 14-ஆம் நாள், 42-ஆம் வாசல்.