படுக்கைச் செடி இல்லை, பாத்திச் செடி

போன வாரம் நர்சரியில் டஸ்டி மில்லர் என்ற அழகுச் செடியின் நாற்று ஆறு வாங்கினேன். பையில் செருகியிருந்த அட்டையில் 'வெள்ளி இலைப் படுக்கைச் செடி' என்று அச்சடித்திருந்தார்கள். இந்தப் படுக்கையை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

ஆங்கிலத்தின் 'பெட்டிங் பிளான்ட்'டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினை இது. அங்கே 'பெட்' என்றால் கட்டிலும் உண்டு, செடி வைக்கக் கொத்தி வைத்த இடமும் உண்டு. இரண்டாவதற்கு நம் சொல் பாத்தி. பாத்தல் என்றால் பகுத்தல், பாத்தி பகுத்த நிலம். குறள் 718-லேயே 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

'ஆற்றுப்படுகை என்கிறோமே, படுக்கை மட்டும் ஆகாதா?' என்று நண்பர் ஒருவர் மல்லுக்கு நின்றார். படுகை வேறு, படுக்கை வேறு ஐயா. காவிரிப் படுகையில் யாரும் பாய் விரிப்பதில்லை. செடி படுத்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், 'தண்ணி ஊத்தலையா?' என்றுதான் கேட்பார்கள். நெல் படுத்தால் நஷ்டம், சினிமாவே ஓடாவிட்டால் படுத்துவிட்டது என்கிறோம், இதில் காசு கொடுத்து வாங்கும் செடிக்குப் போய் இந்தப் பெயரா? இன்னும் சிலர் 'நாற்றங்கால் செடி' என்கிறார்கள். நாற்றங்காலை விட்டுக் கிளம்பிப் பாத்திக்கு வருவதுதானே இது, அப்புறம் எப்படி அந்தப் பெயர் பொருந்தும்?

'வெள்ளி இலை' தப்பில்லை, ஆனால் நகைக்கடை வாசம் அடிக்கிறது. இலையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் பச்சைதான். மேலே பஞ்சு மாதிரி வெள்ளை மயிர். நிழலில் வைத்தால் அது குறைந்து பச்சை வெளியே வந்துவிடும், அதனால் நல்ல வெயில் வேண்டும், தண்ணீரும் தலையில் கொட்டாமல் வேரில் ஊற்ற வேண்டும். மத்தியதரைக் கடலோரச் செடி, ஈரம் தேங்கினால் அழுகிவிடும். இதன் லத்தீன் பெயர்களில் வரும் 'சினரேரியா' சாம்பலைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்லத் தெரிந்த நமக்குச் சாம்பலிலை என்று சொல்ல வராதா?

டஸ்டி மில்லரையே 'தூசி ஆலைக்காரர்' என்று ஒருவர் பெயர்த்திருந்தார். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான். மில்லர் என்றால் மாவு அரைப்பவர். மாவு மில்லில் அரைத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா, புருவம் வரை வெள்ளையாக இருக்கும். அது தூசி இல்லை, மாவு! அதற்காக மாவிலை என்று வைத்துவிடாதீர்கள், வாசலில் தோரணம் கட்டக் கிளம்பிவிடுவார்கள்.