பிரிட்ஜ் ஸ்டார்ட் எடுத்தால் இன்வேர்ட்டர் ஏன் நிற்கிறது?

திருகோணமலை உப்புவெளியில் சின்னம்மா வீட்டில் ஒரு 1000 விஏ (வோல்ட்-அம்பியர், அது தாங்கும் சுமையின் அளவு) இன்வேர்ட்டர் இருக்கிறது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் வாங்கியது. லைட், ஃபேன், ரிவி எல்லாம் ஒழுங்காக ஓடும். பிரிட்ஜ் ஸ்டார்ட் எடுக்கிற அந்த நொடியில் மட்டும் கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். "பற்றரி செத்துப்போச்சுது தம்பி, புதுசுதான் வாங்கோணும்" என்றார் சின்னம்மா, பிரிட்ஜுக்குள் மீன் வேறு இருந்தது.

மீற்றரை வைத்தால் பற்றரி 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் சும்மா இருக்கிற பற்றரியின் வோல்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, சுமை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் ஓடும்போது இழுப்பது 120 வாட் அளவுதான். ஆனால் நின்றிருக்கும் மோட்டர் கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ஏனென்றால் சுற்றத் தொடங்கிய பிறகுதான் மோட்டருக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகி மின்னோட்டத்தை அடக்கும். ஆக ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 700 வாட். 230 வோல்ட்டில் அது சில அம்பியர்தான். பற்றரி இருக்கும் 12 வோல்ட் பக்கம் பார்த்தால், இன்வேர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்து, கிட்டத்தட்ட 70 அம்பியர்!

அந்த ஒரு நொடியை மீற்றரில் பிடிப்பது கஷ்டம். அதனால் 500 வாட் ரைஸ் குக்கரைப் போட்டேன், அது பற்றரியிலிருந்து ஒரே சீராக 50 அம்பியர் அளவு இழுக்கும். பற்றரியின் ஈய முனையில் 12.0 வோல்ட், சரி. அதே வயர்கள் போய்ச் சேரும் இன்வேர்ட்டர் முனையில் 11.0. இடையில் 1 வோல்ட் எங்கே போனது? நெகட்டிவ் முனையைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மூடியைத் தூக்கினால் கிளாம்பைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பற்றரியின் அமில ஆவிதான் இதைத் தொடக்கும், எங்கள் ஊர் உப்புக்காற்று விடாமல் வளர்க்கும்.

50 அம்பியரில் 1 வோல்ட் இழப்பு என்றால் அந்த மூட்டின் தடை 0.02 ஓம். கேட்க ஒன்றுமில்லாத அளவு, ஆனால் அங்கே 50 வாட் வெப்பமாகப் போகிறது, ஒரு சோல்டரிங் அயனின் சூடு. 70 அம்பியரில் இழப்பு 1.4 வோல்ட். அந்தச் சுமையில் பற்றரியும் 11.8க்கு இறங்குவதால் இன்வேர்ட்டருக்குக் கிடைப்பது 10.4தான். இதில் 10.5க்குக் கீழே போனால் நிறுத்திவிடும் அமைப்பு, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இன்வேர்ட்டரை நிறுத்தி, பிளக்கையும் கழற்றி, முதலில் நெகட்டிவ் வயரை எடுத்தேன். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றி வையுங்கள், ஸ்பானர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பட்டால் ஆபத்து. அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால், பற்றரியின் துளைகளுக்குள் போகாமல், துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வஸ்லின் பூசினேன். குக்கரைப் போட்டு மறுபடி பார்த்தால் இன்வேர்ட்டர் முனையில் 11.9. பிரிட்ஜும் ஸ்டார்ட் எடுத்தது.

அப்புறம் சின்னம்மா கிணற்று மோட்டரையும் இதில் கொடுக்கலாமா என்று கேட்டார். அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போதே 550 வாட் அளவு இழுக்கும், கிளம்பும்போது 2500ஐத் தாண்டும், 1000 விஏ அதற்கு ஆகாது. கரண்ட் இருக்கும்போதே தாங்கியை நிரப்பி வைக்கச் சொன்னேன்.