தண்ணீர் நிற்கிறது, நாற்று வாடுகிறது

தலைஞாயிறு பக்கம் ஒரு சம்பா வயல். நட்டுப் பன்னிரண்டு நாள். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர், ஆனால் இலை நுனி வெளுத்துச் சுருண்டிருந்தது. "தண்ணிக்குக் குறையே இல்ல சார், ஒரு மூட்டை யூரியா வீசிடட்டுமா?" என்று கேட்டார் வயல்காரர். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வராததால் போர் தண்ணீரைத்தான் இறைத்திருந்தார். வரப்போரம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது.

மண் பரிசோதனை வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது. நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். நாம் ஒரு சொட்டும் ஊற்றவில்லை, துண்டுகளுக்குள் இருந்த தண்ணீர்தான் அது. செல்லைச் சுற்றிய சவ்வு தண்ணீரை விடும், உப்பை லேசில் விடாது. கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். வேர் தண்ணீர் குடிப்பதும் இப்படித்தான். சவ்வில் தண்ணீருக்கென்றே அக்வாபோரின் என்ற புரத வாசல்கள் உண்டு. அதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வாசல் இருந்தென்ன, வெளியே உப்பு ஏறினால் தண்ணீர் உள்ளே வராது. போதாததற்கு, பொட்டாசியம் போகும் வழியில் உப்பிலுள்ள சோடியமும் நுழைந்துவிடும். அதை வெளியே தள்ளவே பயிரின் தெம்பு கரைந்துவிடும்.

முளைக்கும்போது உப்பைத் தாங்கும் நெல், இளநாற்றிலும் பூக்கும் பருவத்திலும் தாங்காது. மண் சாற்றில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஈ.சி. (மின் கடத்துத்திறன்) மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மகசூல் இறங்கும். யூரியாவும் கரைந்து அம்மோனியமாகி அந்த உப்புக் கணக்கில்தான் சேரும். அதனால் வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி மறுபடி வடிக்கச் சொன்னேன். வயலைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறும். ஜிப்சம் போடுவது சோடியம் மண்ணிலேயே ஒட்டிக்கொண்ட களர் நிலத்துக்குத்தான். உப்பு மட்டும் ஏறிய வெறும் உவர் நிலத்துக்கு அது வீண் செலவு.

இரண்டு மழைக்குப் பிறகு நடுக்குருத்து பச்சையாக வந்தது. ஓரத்தில் செத்த நாற்றுக்குப் பதில் கொஞ்சம் போக்கு நடவு செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் போரைச் சோதிக்க, மோட்டார் கால் மணி நேரம் ஓடிய பிறகு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டு அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். நாற்று விடும் முன்பே கொடுங்கள்.