ஹாரன் அடிக்குது, செல்ஃப் எடுக்கலையே?

பிள்ளையார் நோன்புக்கோ மாசித் திருவிழாவுக்கோ காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த கையோடு முகப்பில் நிற்கும் பைக்கையும் தட்டிப் பார்ப்பார்கள். சாவியைத் திருப்பினால் லைட் எரியும், ஹாரன் அடிக்கும். செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் 'டக்' அல்லது 'டகடகடக'. "ஹாரன்தான் நல்லா அடிக்குதே, அப்புறம் பேட்டரி எப்படிப் போகும்?" என்பார்கள். நியாயமான கேள்வி.

ஹாரனுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும். எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் வேண்டும். அவ்வளவையும் கட்டைவிரல் பட்டன் வழியாக அனுப்பினால் பட்டன் கருகிவிடும். அதனால்தான் நடுவில் ஒரு ரிலே. பட்டன் ரிலேயின் காயிலுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் கொடுக்கிறது. காயில் காந்தமாகி உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்க, அதோடு சேர்ந்த செம்புத் தகடு தடித்த ஒயர்கள் இரண்டையும் இணைக்கிறது. 'டக்' என்பது அந்தத் தகடு ஒட்டும் சத்தம்.

பேட்டரி பலவீனமாக இருந்தால், தகடு ஒட்டிய நொடியே மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சும், வோல்ட் படுத்துவிடும். காயிலின் காந்தமும் தளரும், தகடு விலகும். மோட்டார் விலகியதும் வோல்ட் ஏறும், தகடு மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல தடவை இதே கூத்து. 'டகடகடக' கேட்டால் ரிலேயைச் சந்தேகிக்க வேண்டாம், அது பாவம்.

பைக் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். நல்ல சார்ஜில் மொத்தம் 12.6-க்குக் குறையாது. சும்மா நின்றாலும் சார்ஜ் தானாக வடியும். நம்ம ஊர் வெயிலில் இன்னும் வேகமாக வடியும். வடிந்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் படிந்திருக்கும் ஈய சல்பேட், மாதக்கணக்கில் கிடந்தால் பெரிய படிகங்களாக இறுகிவிடும். சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. வேலை செய்யும் தகட்டுப் பரப்பு குறைந்து, உள்தடை கூடிவிடும். மின்வேதியியல் சமாச்சாரம் இது. இதற்கென்றே காரைக்குடியில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது, சிக்ரி. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த ஊரிலேயே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரியை மாற்றுவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஏனென்றால் குற்றவாளி பல நேரம் பேட்டரி இல்லை, அதன் முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி. அங்கே 0.05 ஓம் தடை என்று வையுங்கள். ஹாரனின் 3 ஆம்பியருக்கு 0.15 வோல்ட்தான் போகும், காதுக்கே தெரியாது. மோட்டார் 60 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 3 வோல்ட் காலி. கோயிலின் குறுகலான வாசல் சாதாரண நாளில் யாருக்கும் உறுத்தாது, திருவிழாக் கூட்டத்தில்தான் தெரியும்.

ஆகவே சும்மா இருக்கும்போது மீட்டர் காட்டும் 12.5-ஐ நம்பிவிடக் கூடாது. நியூட்ரலில் வைத்து, மீட்டர் முனைகளை ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தில் (லக்) வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே அழுத்திப் பிடித்து, ஒருவரை செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். 9.5-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியை சார்ஜ் போட்டுப் பாருங்கள். 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டுக் கூட்டினால் சூடாகும். முழு சார்ஜிலும் அப்படியே விழுந்தால்தான் புதுசு.

விழாமல் 12-க்கு மேலேயே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மற்றது எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்தில், மறுபடி செல்ஃப். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். எர்த் சரி என்றால் இதே சோதனையை ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் செய்யுங்கள். 'டக்' கேட்ட பிறகும் அங்கே 12 வோல்ட் காட்டினால், உள்ளே தகடு கருகியிருக்கிறது. அதுவும் சரி என்றால் மோட்டாரைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

சத்தமே இல்லையா? கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, கிளட்ச் சுவிட்ச், ஃப்யூஸ். இந்த வரிசையிலேயே பாருங்கள், முதல் மூன்றுக்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.