சர்வேயர் சம்பளம்: ஊர் மாறினால் எவ்வளவு மாறும்?

ஐ.டி.ஐ.யில் சர்வேயர் டிரேடு முடித்தவர்களும் டிப்ளமோ சிவில் முடித்தவர்களும் முதலில் கேட்பது, எந்த ஊருக்குப் போனால் சம்பளம் அதிகம் என்பதைத்தான். அரசுப் பணியா, கம்பெனி சைட்டா, சொந்தக் கருவி வைத்துச் செய்யும் தொழிலா, வளைகுடாவா என்பதைப் பொறுத்து இதற்கான பதில் அடியோடு மாறும். ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு முடிவெடுத்துவிட்டு ஆறு மாதத்தில் திரும்பி வருபவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

அரசுப் பணியில் கணக்கு வெளிப்படையானது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி நில அளவராகவோ வரைவாளராகவோ சேர்பவருக்கு ஊதிய நிலை 8. 2022-ல் வந்த அறிவிக்கையில் 19,500 முதல் 71,900 ரூபாய் வரை என்று குறிப்பிட்டிருந்தது இந்த நிலையைத்தான். சேரும் மாதம் அடிப்படை ஊதியம் 19,500. 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படி 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. இதில் ஓய்வூதியப் பங்களிப்பு 10 சதவீதம், அதாவது 3,081 ரூபாய் பிடித்தம் போனால் 27,729. இதன்மேல் வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் சேரும்; மருத்துவக் காப்பீட்டுச் சந்தா போன்ற சிறு பிடித்தங்கள் கழியும். ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு உண்டு. 19,500 அடுத்த ஆண்டு 20,100 ஆகும்.

இந்தக் கணக்கில் ஊர் நுழைவது வாடகைப்படியில் மட்டும்தான். மாநில அரசு ஊர்களைத் தரம் பிரித்து, அடிப்படை ஊதியத்துக்கேற்ப அட்டவணை போட்டிருக்கிறது. சென்னைக்கும் கடைக்கோடி வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், சென்னையில் கூடுதலாகக் கொடுக்கும் வீட்டு வாடகையை ஈடுகட்டாது. மத்திய அரசுப் பணியில் இந்த இடைவெளி கொஞ்சம் பெரியது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபின் வாடகைப்படி எக்ஸ், ஒய், இசட் நகரங்களுக்கு முறையே 30, 20, 10 சதவீதம். அடிப்படை ஊதியம் 25,500 என்றால் சென்னையில் 7,650. கோவை, மதுரை, திருச்சி, சேலத்தில் 5,100. சிறிய ஊரில் 2,550. சொந்த ஊரிலேயே வீடு இருந்து அங்கேயே பணியும் கிடைத்தால், குறைந்த படிதான் லாபம்.

அரசு நில அளவருக்கு ஊர் மாறும்போது உண்மையில் மாறுவது வேலைப் பளுதான். நகரத்தை ஒட்டிய வட்டங்களில் மனை விற்பனை அதிகம், அதனால் உட்பிரிவு மனுக்கள் குவியும். அங்கேதான் "கையில் வருவது எவ்வளவு" என்ற பேச்சும் வரும். அதைச் சம்பளக் கணக்கில் சேர்த்துப் பேசுவதை நிறுத்த வேண்டும். அது லஞ்சம், வேலையையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தே பறித்துவிடும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். எல்லை அளக்க 2023 நவம்பர் முதல் இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வழி இருக்கிறது. நில உரிமையாளர்கள் அந்த வழியிலேயே போவது இரு தரப்புக்கும் நல்லது.

தனியாரில் சம்பளத்தைத் தீர்மானிப்பது ஊரில் நடக்கும் வேலையின் தன்மை. சென்னையையே எடுத்துக்கொள்வோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மனைப்பிரிவில் கல் நடும் வேலைக்கு ஆட்கள் ஏராளம், அதனால் கூலி ஏறவே ஏறாது. அதே சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் சுரங்கப் பகுதியில் நிலைமை வேறு. மேலே என்றால் டிராவர்ஸை, அதாவது புள்ளிக்குப் புள்ளி தொடர்ந்து அளந்து போவதை, இடம் ஏற்கெனவே தெரிந்த இன்னொரு கட்டுப்பாட்டுப் புள்ளியில் கொண்டுபோய் மூடிப் பிழையைப் பார்த்துவிடலாம். சுரங்கத்துக்குள் ஒரு முனைதான் திறந்திருக்கும். சுரங்கம் தோண்டும் இயந்திரம் அடுத்த மெட்ரோ நிலையத்தை எட்டும்வரை மூட வழியில்லை. ஒரு ஸ்டேஷனில், அதாவது கருவியை நிறுத்தும் இடத்தில், கோணம் சில நொடிகள் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு நொடி) பிசகினால் அது முன்னே போகப் போகப் பெருகும். அதனால் ஒவ்வொரு அளவையும் கருவியின் தொலைநோக்கியைப் புரட்டி இரு முகங்களிலும் எடுத்து, திரும்ப ஒருமுறை ஓட்டி, காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கருவியில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். இதைத் தவறில்லாமல் செய்பவர்கள் குறைவு. அவர்கள் சம்பளம் பேசும்போது கம்பெனி இறங்கி வருகிறது. ஒரே நகரத்துக்குள் இரண்டு சர்வேயர்களின் சம்பளம் இரு மடங்கு வேறுபட்டாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சொந்தமாகக் கருவி வைத்து ஏக்கர் ரேட்டில் வேலை எடுப்பவர்கள் ஊர் விஷயத்தில் அதிகம் அடிபடுகிறார்கள். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைத் துல்லியமாக அளக்கும் டி.ஜி.பி.எஸ். கருவி வெட்டவெளி நிலத்தில் ஓடும், பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் தடுமாறும். மட்டைகள் வானத்தை மறைக்கும், சிக்னல் மரத்தில் பட்டு எதிரொலிக்கும், கையில் கொண்டுபோகும் ரோவர் துல்லியமான நிலைக்கு (ஃபிக்ஸ்) வராமல் தோராய நிலையிலேயே (ஃப்ளோட்) நிற்கும். ஃப்ளோட்டில் எடுத்த புள்ளி அரை மீட்டர்கூடத் தள்ளிப் போகலாம். அந்தப் புள்ளியில் வேலி போட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் சும்மா இருக்க மாட்டார். கடைசியில் தோப்புக்கு வெளியே இரண்டு புள்ளிகளை டி.ஜி.பி.எஸ்.ஸில் நிறுத்தி, உள்ளே கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனில்தான் ஓட்ட வேண்டும். ஒரு நாள் வேலை இரண்டு மூன்று நாளாகிவிடும். இராமநாதபுரத்தில் சீமைக்கருவேலம் பார்வையை மறைக்கும். முள் வெட்ட ஆள் கூலி தனி. நீலகிரிச் சரிவில் ஐம்பது மீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் மாற்ற வேண்டியிருக்கும், மதியத்துக்கு மேல் பனி மூடினால் கருவி குறிபார்க்கும் ப்ரிஸமே தெரியாது.

ஆகவே நிலத்தைப் பார்க்காமல் போனிலேயே ஏக்கர் ரேட் சொல்லாதீர்கள். முதலில் செயற்கைக்கோள் படத்தில் மரம், சரிவு, பாதை மூன்றையும் பாருங்கள். நிலத்தின் அளவுகள் உள்ள புலப்படத்தையும், உரிமை விவரம் உள்ள அ-பதிவேட்டு நகலையும் உரிமையாளரிடமே கேட்டு வாங்குங்கள். முள் வெட்டுவது யார் செலவு, எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் என்ன செய்வது, மழையால் வேலை நின்றால் ஆள் கூலியை யார் தருவது என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் வையுங்கள். கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், மலையில் தென்மேற்குப் பருவத்திலும் வேலை நாட்கள் குறையும். வருட வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் கருவித் தவணை கட்டும்போதுதான் உண்மை தெரியும்.

தனியார் சர்வேயர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசுக்கே. உங்கள் வரைபடத்தில் "எல்லை நிர்ணயம்" என்று எழுதாமல் "தற்போதைய அனுபவ நிலை அளவு" என்று எழுதுங்கள். ஒரு வழக்கில் சிக்கி நீதிமன்றத்துக்கு அலைந்தால் அந்த வேலையில் வந்த கூலியைப்போலப் பல மடங்கு போய்விடும்.

மேற்கு மாவட்டங்களிலிருந்து சென்னைப் பக்கம் வேலைக்கு மாறுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. உலக வரைபடத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையில் தமிழ்நாடு இரண்டு மண்டலங்களில் கிடக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ள கோவை, ஈரோடு 43-ஆம் மண்டலம். கிழக்கே உள்ள சேலம், மதுரை, சென்னை 44. கருவியில் பழைய மண்டலத்தை மாற்றாமல் அளந்தால் ஆயங்கள், அதாவது ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்கள், முழுக்கத் தவறாக வரும். இதை எடுத்த தரவிலிருந்தே சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த ஆயத்தை வைத்துத் தூண் குறித்துவிட்டால் மறுவேலைதான். அதன் செலவைச் சம்பளத்தில் பிடிக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன.

கம்பெனி சைட்டுக்குப் போகிறவர்கள் மாதத் தொகையோடு நிறுத்தாமல் அதற்குள் என்னென்ன அடங்கும் என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம்: சென்னையில் 26,000, தங்குமிடம் இல்லை, கமுதிப் பக்கம் சூரிய மின்நிலைய சைட்டில் 21,000, அறையும் சாப்பாடும் கம்பெனி தரும். சென்னையில் பங்கு அறைக்கும் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் 10,000 போனால் மிஞ்சுவது 16,000. கமுதியில் கைச்செலவு 3,000 போக 18,000 நிற்கும். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான். 21,000-ஐத் தாண்டிச் சேர்பவருக்கு அது கிடைக்காது. நான்குவழிச் சாலை நடுவே ப்ரிஸம் பிடித்து நிற்கும் வேலைக்கு அப்படிச் சேர்ந்தால், கம்பெனி விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறதா என்று பாலிசி எண்ணோடு கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

வளைகுடாவில் தொகை பெரிதாகத் தெரியும்; ஏமாற்றம் இருப்பது அது பிரித்து எழுதப்படும் விதத்தில். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருவருக்கும் மாதம் 4,500 திர்ஹாம் என்று வையுங்கள். ஒருவருக்கு அடிப்படை 2,000, மீதி படிகள். மற்றவருக்கு அடிப்படை 3,500. பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மூன்று ஆண்டு முடித்தால் முதலாமவருக்கு 4,200 திர்ஹாம், இரண்டாமவருக்கு 7,350. கூடுதல் நேர வேலைக்கான ஊதியமும் அடிப்படையை வைத்துத்தான். அதனால் மொத்தத் தொகையைப் பேசுவதைவிட அடிப்படையை உயர்த்திக் கேட்பது முக்கியம். சவூதியில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஐந்து ஆண்டுக்குள் நீங்களாக ராஜினாமா செய்தால் பணிக்கொடையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு, வேலைக்காக வெளிநாடு போகும் முன் அரசு செய்யும் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த சர்வேயர்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வருவார்கள். அவர்களின் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் எந்த அரசு அலுவலரும் படித்துப் பார்ப்பதில்லை, ஏஜென்டுகளுக்கு இது வசதியாகிவிடுகிறது. ஏஜென்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள்.

விமானம் ஏறும் முன் அடிப்படைச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, வார விடுமுறை, திரும்பும் டிக்கெட் ஆகிய ஐந்தும் எழுதிய ஒப்பந்த நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சம்பளம் வங்கி வழியே வருவதை முதல் மாதத்திலேயே உறுதிசெய்து, சம்பளச் சீட்டுகளைப் போனில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். அமீரகத்தில் வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கியையும் பணிக்கொடையையும் முதலாளி கொடுத்தாக வேண்டும். தராவிட்டால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த ஒப்பந்தமும் சீட்டுகளும்தான்.