பூத் கமிட்டி செயலியில் உங்கள் செல் நம்பர்

மஞ்சக்குப்பமோ அரியாங்குப்பமோ, தேர்தல் வந்தால் வீட்டுக்கு வரும் கட்சியின் பூத் கமிட்டிக்காரர் கையில் இப்போது நோட்டுக்குப் பதில் செயலிதான் இருக்கிறது. உங்கள் பெயர், வயது, வீட்டு எண், வாக்காளர் அட்டை எண் எல்லாம் அதில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதில் தப்பில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வாக்காளர் பட்டியல் இலவசமாகவே தரப்படுகிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் செல் நம்பர் கிடையாது. ஆதார், சாதி, வாங்கும் உதவித்தொகை எதுவும் கிடையாது. அதையெல்லாம் கேட்டு நிரப்பி, "நம்ம ஆள், எதிர் ஆள், இழுபறி" என்றும் குறித்துக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டு நாலு பேர் கைமாறினால் போதும், தெருவில் உள்ள எல்லோரின் விவரமும் வெளியில் போய்விடும். இது வீண் பயமில்லை. 2021 புதுச்சேரி தேர்தலில் வாக்காளர்களின் கைபேசி எண்கள் ஒரு கட்சிக்கு எப்படிப் போயின என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

ஓடிபி கேட்டால் சொல்லவே சொல்லாதீர்கள். உறுப்பினர் சேர்க்கைக்காக ஒரு கட்சி ஓடிபி வாங்குவதற்கு 2025 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது.

ஜெயித்தால் தரப்போகும் உதவிக்கு இப்போதே பெயர் பதிகிறோம் என்பார்கள். அதை உடனே நிறுத்தும்படி 2024 மே மாதமே தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொல்லிவிட்டது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(1) பிரிவின்படி அது லஞ்சமாகக் கருதப்படும். பெயர் கொடுக்காததால் யாருக்கும் எந்த அரசு உதவியும் நிற்காது. முதியோர் உதவித்தொகை வாங்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கட்சிகளுக்கென்று விலக்கு எழுதப்படவில்லை. எதற்காக வாங்குகிறார்கள் என்ற அறிவிப்பை நீங்கள் தமிழிலேயே கேட்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், விவரங்களை அழிக்கச் சொல்லலாம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமைகள் முழுதாக அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

அதுவரை, வருபவர் அரசின் வாக்குச்சாவடி நிலை அலுவலரா, கட்சிக்காரரா என்று முதலில் கேளுங்கள். அலுவலர் என்றால் அடையாள அட்டை காட்டுவார். தேர்தல் அறிவித்த பிறகு நடக்கும் விதிமீறலைப் படமெடுத்து, தேர்தல் ஆணையத்தின் புகார் வசதியான சி-விஜிலில் போடலாம். ஓடிபி சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.