மின் ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடித்தால்: அணைக்கும் முன் வெளியேறுங்கள்

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின் வாகன ஷோரூமில் எழுந்த தீயின் புகை அதே கட்டடத்து விடுதிக்குள் பரவி எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். தீப்பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இந்த இரண்டையும் நான் விளக்கி முடித்த பிறகும், எந்த எக்ஸ்டிங்விஷர் வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த வழியாக வெளியேறுவது என்று கேட்பவர்கள் அரிது.

மின் ஸ்கூட்டர் பேட்டரி என்பது பல சிறு லித்தியம் அயான் செல்களின் தொகுப்பு. அதில் ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, உள்ளே மின்முனைகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்குகிறது. உடனே உள்ளேயே ஷார்ட் ஆகி, அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்கும், அதிலிருந்து அடுத்ததற்கும் தாவுகிறது. பேட்டரி உப்புவது, பெயின்ட் தின்னரை நினைவூட்டும் இனிப்பு வாடை, சீறல், படபடவென்ற வெடிப்பு ஆகியவை இதற்கான அடையாளங்கள். அப்போது கிளம்பும் வெண்புகையை நீராவி என்று எண்ணி அருகில் போய்ப் பார்க்கிறவர்கள் உண்டு. அது எரியக்கூடிய வாயு. மூடிய அறையில் சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும். அதில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிய நச்சு வாயுக்களும் கலந்திருக்கும் என்பதால், முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைவது பாதுகாப்பாகாது.

ஆகவே வண்டியை வெளியே இழுத்துப் போட முயலாமல், வீட்டிலுள்ள எல்லோரையும் எழுப்பிக்கொண்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். மெயின் ஸ்விட்ச் போகும் வழியிலேயே இருந்தால் மட்டும் அணையுங்கள். வெளியே வந்தபின் 101 அல்லது 112ஐ அழைத்து, எரிவது பேட்டரி என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நம் வீடுகளில் வண்டி நிற்பது பெரும்பாலும் நடையிலோ மாடிப்படிக்கு அடியிலோதான். அதாவது, வெளியேற இருக்கும் ஒரே வழியில். போதாக்குறைக்கு இரவில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை உள்ளறையில் வைத்துவிடுகிறோம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அந்த இடத்தில் சார்ஜ் போடுவதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

எக்ஸ்டிங்விஷர் விஷயத்துக்கு வருகிறேன். பவுடரும் கார்பன் டை ஆக்சைடும் மேலே தெரியும் சுவாலையை அடக்கலாமே தவிர, செல்களின் சூட்டைத் தணிப்பதில்லை. லித்தியம் என்றாலே தண்ணீர் ஆகாது என்ற நம்பிக்கை உலோக லித்தியத்துக்குப் பொருந்தும். இந்த பேட்டரிகளில் அது உலோகமாக இல்லாததால், ஏராளமான தண்ணீரே இவற்றைக் குளிர்விக்கச் சிறந்தது. செல்போனோ பவர் பேங்கோ எரிந்தால், மின் இணைப்பைத் துண்டித்தபின், புகை சூழாத நிலையில், தள்ளி நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஸ்கூட்டர் பேட்டரியைத் தீயணைப்புத் துறையிடம் விட்டுவிடுங்கள். தீ அடங்கிய பிறகும் சேதமான செல்கள் சில மணி நேரம் கழித்து, ஏன் சில நாள் கழித்துக்கூட மீண்டும் பற்றலாம். எனவே எரிந்த பேட்டரியை வீட்டுக்குள் வைக்கவும் கூடாது, பழைய இரும்புக் கடையில் போடவும் கூடாது.

கசிவு வேறு வகை ஆபத்து. இன்வெர்ட்டர்களில் பரவலாக உள்ள ஈய பேட்டரியிலிருந்து வழிவது கந்தக அமிலம். ரப்பர் கையுறை அணிந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, சமையல் சோடாவைத் தூவி, நுரைப்பது நின்றபின் துடைக்கலாம். லித்தியம் பேட்டரியிலிருந்து கசியும் திரவம் ஈரத்துடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகக்கூடும் என்பதால், அதை வெறுங்கையால் தொடாதீர்கள். எந்தத் திரவமானாலும் தோலிலோ கண்ணிலோ பட்டால், குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஃபுளோரைடு காயத்தில் வலி தாமதமாகவே தெரியலாம். அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் என்ற தனி மருந்து இருப்பதால், பட்டது லித்தியம் பேட்டரித் திரவம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.